ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியர் எந்த வகுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் செல்பவர் நிர்வாகத்தை மட்டும் கவனித்தால் போதுமா, வகுப்பும் எடுக்க வேண்டுமா, எடுப்பதென்றால் எந்த வகுப்பை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அண்மையில்தான் பதவி உயர்வு பெற்றிருக்கிறீர்கள் என்றும், நான்காம் ஐந்தாம் வகுப்புகளை வைத்துக்கொள்ளும்படி மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள் என்றும் எண்ணுகிறேன். நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு எடுக்க வேண்டுமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி 60 மாணவர்கள் வரை 2 ஆசிரியர்கள்தாம். தொடக்கப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டினால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். எனவே சிறிய பள்ளியின் தலைமையாசிரியர் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியராகவும் இருந்தே தீர வேண்டும்.

எந்த வகுப்பு என்பதில்தான் பழக்கம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பதிவேடுகளைப் பார்க்கலாம், கூட்டத்துக்குப் போய் வரலாம் என்பதால் தலைமையாசிரியர் மேல் வகுப்புகளை வைத்துக்கொள்வதும், புதிதாக வந்த ஆசிரியரிடம் ஒன்றாம் வகுப்பை ஒப்படைப்பதும் எங்கள் பக்கத்தில் எழுதாத விதி. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே தொடக்கப் பள்ளியின் மிகக் கடினமான வேலை. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறச் செய்யத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி ஒரே அறையில் அமர்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால், அதை மொட்டுக்கு நகர்த்த அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

நான் பொறுப்பேற்றபோது கீழ் வகுப்புகளை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் உடன் பணியாற்றும் ஆசிரியை தயங்கினார். தம் திறமையில் எனக்கு நம்பிக்கை இல்லையோ என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. ஓராண்டு என் வகுப்பை அவ்வப்போது வந்து பாருங்கள், அடுத்து நீங்கள் எடுங்கள் என்று சொன்ன பிறகே அவர் மனம் சமாதானமடைந்தது. சிக்கல் வெளியிலிருந்துதான் வந்தது. மேலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு வரும்போதெல்லாம் ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில் விழுந்தன. அன்று முதலில் கைவிடப்படுபவர்கள் அரும்புப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வளரறி மதிப்பீட்டையும் (கற்கும்போதே அவ்வப்போது செய்யும் மதிப்பீடு) சொந்தக் கைப்பேசியில் செயலி வழியாகப் பதிவதற்குள் பாடவேளை தீர்ந்துவிடும். பள்ளி விட்ட பிறகு பதிகிறேன் என்று முடிவு செய்தேன்; பதிவு தாமதம் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. காரணத்தை எழுத்திலேயே கொடுத்தேன்.

பிறகு இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தேன். சட்டப்படி அக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள் அல்லது பாதுகாவலர்கள். தலைமையாசிரியரை மேலிருந்து அழைக்கும் கூட்டங்களை மாலையில் வைக்க வேண்டும் என்று அவர்களே தீர்மானம் நிறைவேற்றினார்கள். சில கூட்டங்கள் மாலைக்கு மாறின, பல மாறவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் பெரும்பாலான பிள்ளைகள் சிறு பத்தியைத் தாமாகவே படித்தார்கள். எல்லோரும் என்று நான் சொல்லவில்லை. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் சென்று பாதியில் திரும்பி வந்த இருவர் இன்னும் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

நிர்வாகம் கெட்டுவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கணக்கு, காலை உணவுப் பதிவு, வருகைப் பதிவு எதையும் நான் விட்டதில்லை. தரவே வேண்டாம் என்பதும் என் வாதமன்று. அது வகுப்பு நேரத்தைத் தின்னக் கூடாது என்பதே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. செயலிப் பதிவு கல்வி சார்ந்த பணிதானே என்று பதில் சொல்லி அதிகாரிகள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இதனோடு இன்னொரு மனக்குறையும் உண்டு. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஊராட்சி ஒன்றிய அளவில் பார்க்கப்பட்ட பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. அதனால் ஊரை அறியாத ஒருவரும் தலைமையாசிரியராக வரலாம். எந்த வீட்டார் எந்த மாதம் சூளைக்குப் போவார்கள் என்று அறிந்த ஒருவர் தலைமையாசிரியராக இருப்பதன் பயன் எந்தப் பணிமூப்புப் பட்டியலிலும் ஏறுவதில்லை. இதைச் சொன்னால் சொந்த ஊரை விட்டுப் போக மனமில்லாதவர் என்பார்கள், சொல்லட்டும்.

நீங்கள் பொறுப்பேற்றதும் கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியே படிக்கச் சொல்லிக் கேட்டு, அவர்களின் நிலையை ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். முதல் மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே அந்த நோட்டைப் பெற்றோர் முன் வைத்து, மாலைக் கூட்டங்களுக்கான தீர்மானத்தைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாணை வந்தால் இணைக்க உங்களிடம் இரண்டும் இருக்க வேண்டும்.