கைப்பேசிக்கு வரும் கல்யாணப் பத்திரிகை: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இணைய மோசடியைப் பற்றியே கேட்கின்றன. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களின் கேள்விகளுக்கு அவசரம் அதிகம் என்பதால், அவற்றில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவருக்கு அவருடைய நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு கோப்பு வந்தது. அதை அழுத்தியதும் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொன்னது. அவரும் எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்துவிட்டார். ஆனால் பத்திரிகை திறக்கவே இல்லை. நண்பரைக் கேட்டால், தாம் எதையும் அனுப்பவில்லை என்கிறார். இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நச்சுச் செயலி உள்ளே புகுந்துவிட்டது என்றே கருதி, ஆக வேண்டியதை இப்போதே தொடங்குங்கள். முதலில் கணவரின் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளித்தொடர்பு இல்லாத கருவியிலிருந்து அந்தச் செயலியால் எதையும் திருடி அனுப்ப முடியாது. அடுத்து, உங்களுடைய கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து, அவருடைய இணைய வங்கிச் சேவையையும் அட்டைகளையும் முடக்கச் சொல்லுங்கள். அழைக்க வேண்டிய எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருப்பது தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். கடவுச்சொற்களை மாற்றும் வேலையைப் பாதிக்கப்படாத வேறொரு கருவியில்தான் செய்ய வேண்டும். முதலில் மின்னஞ்சலுக்கும் பிறகு வங்கிக் கணக்குகளுக்கும் மாற்றுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு, படங்களை மட்டும் கம்பிவழியாகக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, கைப்பேசியை முழுமையாக அழித்து 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடுங்கள். செயலியை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். இவ்வகைச் செயலிகள் தம் சின்னத்தைத் திரையிலிருந்து மறைத்துக்கொள்வது உண்டு என்பதால், அதை நம்பி இருக்க முடியாது.

நடந்தது என்னவென்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அது உதவும். உண்மையான அழைப்பிதழ் ஒரு படமாகவோ, பிடிஎஃப் கோப்பாகவோ, சில வேளைகளில் ஓர் இணையப் பக்கமாகவோ வரும். உங்களுக்கு வந்தது 'ஏபிகே' என்ற பின்னொட்டுடன் முடிந்திருக்கும். அது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவுவதற்கான கோப்பு. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையாவது நிறுவும்போது, 'அறியப்படாத மூலத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கிறீர்களா' என்று கைப்பேசியே கேட்கிறது. அதற்கு இசைந்ததும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும் என்று அந்தச் செயலி கேட்கும். கல்யாணப் பத்திரிகைக்கு உங்கள் குறுஞ்செய்திகள் எதற்கு? இந்த இடத்தில்தான் விரல் நின்றிருக்க வேண்டும். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியாக அனுப்பும் 'டேக்' என்ற ஒருமுறை எண்ணை அந்தச் செயலி படித்து மோசடிக்காரனுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை அழித்தும்விடுவதால், பணம் போனதே பலருக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரியவருகிறது. குறுஞ்செய்திவழி வரும் டேக் எண்ணைக் கைவிட்டு, வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் பெறும் முறைக்கு மாறுமாறு 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்ததற்கு இத்தகைய திருட்டும் ஒரு காரணம்.

நண்பர் பொய் சொல்லவில்லை. அவருடைய வாட்ஸ்அப் கணக்கே களவு போயிருக்கலாம். யாரோ அவரிடம், 'தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கியிருக்கக்கூடும். அந்த எண் கிடைத்துவிட்டால், அவருடைய கணக்கை வேறொரு கருவியில் திறந்துவிடலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்ற வசதி உள்ளது. நீங்கள் இருவரும் இன்றே அதை இயக்கிவிடுங்கள். நண்பரையும் இயக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வருமான வரியில் எனக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் சின்னத்துடன் மின்னஞ்சல் வந்துள்ளது. மலாய் மொழி பிழையின்றி இருக்கிறது. என் பெயரும் சரியாக உள்ளது. இணைப்பைத் திறந்தால் பூட்டுச் சின்னமும் தெரிகிறது. இது உண்மையா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட நம்பத்தக்கது அல்ல. சின்னத்தை யாரும் நகலெடுக்கலாம். மொழிப் பிழைகளை வைத்துப் போலியைக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எந்த மொழியிலும் பிழையின்றி எழுதித் தருகின்றன. கசிந்த தகவல் தொகுப்புகளில் நம் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் ஆகியவை கிடைப்பதால், பெயரைச் சரியாகச் சொல்வதும் ஒரு சான்று ஆகாது. பூட்டுச் சின்னத்தைப் பற்றித்தான் அதிகமானோர் தவறாக நினைக்கிறார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை மூன்றாமவர் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று அது சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது முகவரியைத்தான், அதையும் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். நம் வீட்டு முகவரியில் கதவு எண்ணும் தெருவும் முதலிலும் ஊரும் மாநிலமும் கடைசியிலும் வருவதைப் போல, இணைய முகவரியிலும் உரிமையாளர் யார் என்பது, தளப் பெயரின் (முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதன்) கடைசிப் பகுதியில்தான் இருக்கும். வரி வாரியத்தின் தளம் 'ஹசில்.கவ்.மை'. 'கவ்.மை' என்று முடியும் முகவரியை மலேசிய அரசு அமைப்புகள் மட்டுமே பதிவு செய்ய முடியும். ஆனால் 'ஹசில்.கவ்.மை.ரீஃபண்ட்.ஷாப்' என்று இருந்தால், அதன் உரிமையாளர் 'ரீஃபண்ட்.ஷாப்' என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவர். முன்னால் உள்ள எழுத்துகள் அவர் ஒட்டிக்கொண்ட அலங்காரம். இணைப்பைத் திறக்காமலே இதைப் பார்க்க முடியும். கணினியில் சுட்டியை இணைப்பின்மீது வெறுமனே வைத்தாலும், கைப்பேசியில் இணைப்பை அழுத்திப் பிடித்தாலும் முழு முகவரியும் தெரியும். அனுப்பியவரின் பெயரைத் தொட்டால், பெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மையான மின்னஞ்சல் முகவரியும் வெளிப்படும்.

இந்த மின்னஞ்சலைப் பொறுத்தவரை இன்னும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. திருப்பித் தர வேண்டிய வரிப் பணத்தை, வரிப் படிவத்தில் நீங்கள் கொடுத்துள்ள வங்கிக் கணக்கில் வாரியம் நேரடியாகச் சேர்க்கிறது. அதற்கு வங்கி அட்டையின் எண்ணோ, பின்புறமுள்ள மூன்று இலக்கங்களோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்கும் பக்கம் எதுவாயினும் போலிதான். படிவம் அனுப்பும் ஏப்ரல், மே மாதங்களில் இத்தகைய மின்னஞ்சலுக்கு ஏமாறுவது சுலபம், ஏனென்றால் அப்போது எல்லோரும் உண்மையிலேயே வாரியத்தின் பதிலை எதிர்பார்த்திருப்போம். செய்தி காட்டும் வழியில் போகாமல், வாரியத்தின் இணையச் சேவையான மைடேக்ஸ் தளத்தின் முகவரியை நீங்களே தட்டெழுதி உள்ளே போய்ப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் பணம் உண்மையானால் அங்கே தெரியும். நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இந்த ஒரு பழக்கத்தைத்தான். வங்கி, பொட்டலச் சேவை, சேமநிதி வாரியம், அரசு உதவித்தொகை என எதன் பெயரில் செய்தி வந்தாலும் இது பொருந்தும்.

கேள்வி: எங்கள் குடும்பக் குழுவில், 'இந்தக் காணொளியைத் திறந்தால் பத்தே விநாடியில் கைப்பேசி ஊடுருவப்படும், எல்லோருக்கும் பகிருங்கள்' என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. உண்மையோ பொய்யோ, பகிர்ந்துவிட்டால் நல்லதுதானே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். – ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நல்லது அல்ல என்பதற்கு 2001-இல் நடந்ததே சான்று. 'சல்ஃப்என்பிகே.எக்ஸி என்ற கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது நச்சுநிரல். உடனே அழித்துவிட்டு, நண்பர்களுக்கும் தெரிவியுங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. தேடிப் பார்த்தவர்கள் கோப்பு இருப்பதைக் கண்டு பதறி அழித்தார்கள். உண்மையில் அது விண்டோஸுடனேயே வந்த, நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டெடுக்க உதவும் சாதாரணக் கோப்பு. அடுத்த ஆண்டே, கரடிப் பொம்மைச் சின்னம் கொண்ட இன்னொரு விண்டோஸ் கோப்பைப் பற்றி அதே பொய் கிளம்பியது. நச்சுநிரல் எதுவும் இல்லாமலே, மக்கள் தங்கள் கணினியைத் தாங்களே பழுதாக்கி, பக்கத்தில் இருப்பவரையும் அதையே செய்யச் சொன்னார்கள்.

இன்னொரு தீங்கும் உண்டு. பொய் எச்சரிக்கைகளை நாள்தோறும் படித்துச் சலித்தவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது அதையும் தள்ளிவிடுகிறார்கள். தேதியில்லாமல், எந்த அமைப்பு வெளியிட்டது என்ற விவரமும் இல்லாமல், 'எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று முடியும் செய்தியைச் சந்தேகியுங்கள். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய, செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் 'செபெனார்ஞா.மை' தளத்தில் தேடிப் பார்த்து, பொய்யென்றால் அந்த இணைப்பையே குழுவில் போடுங்கள். ஆசிரியராக இருந்தவர் நீங்கள். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

கேள்வி: கடைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கணினித் திரை முழுவதும் சிவப்பாகி, நச்சுநிரல் தாக்கியுள்ளது என்றும் ஓர் எண்ணை அழைக்குமாறும் மைக்ரோசாஃப்ட் பெயரில் அறிவிப்பு வந்தது. எந்த விசையிலும் கைவைக்கவே பயமாக இருக்கிறது. – வணிகர், பட்டர்வொர்த்

பதில்: அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. அது வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வந்துவிடலாம், பிறகு உலாவியை மூடிவிடுங்கள். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவியிருந்தால், இணையத்தைத் துண்டித்து, செந்தூல் வாசகிக்குச் சொன்னபடி வங்கியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கணினியில் விண்டோஸ் 10 இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற நச்சுநிரல் பரவியபோது, மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவாத கணினிகள்தாம் அதற்கு இரையாயின. கடைக் கணக்கு உள்ள கணினியைப் புதுப்பிக்காமல் விட்டுவைக்காதீர்கள். கணக்கின் நகலொன்றைத் தனி வட்டில் எடுத்து, அந்த வட்டைக் கழற்றியே வையுங்கள்.

கேள்வி: அம்மா ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டார். வெட்கப்பட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார். பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவதாக முகநூலில் ஒரு 'வழக்கறிஞர் அலுவலகம்' விளம்பரம் செய்கிறது, அணுகலாமா? – வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அந்த விளம்பரத்தை அணுக வேண்டாம். ஏமாந்தவர்களையே குறிவைத்து, முன்கட்டணம் வாங்கிக்கொண்டு மறையும் இரண்டாம் மோசடி இது. 2022 அக்டோபரில் அமைந்த தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. காவல்துறை, பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம், வங்கிகள் ஆகியவை அதில் சேர்ந்து இயங்குகின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு நிமிடங்களில் தாவிவிடுவதால், உடனே அழைப்பவருக்கே வாய்ப்பு அதிகம். ஆயினும் இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல், இன்றே வங்கிக்கும் 997-க்கும் தெரிவித்து, போலீஸ் புகாரும் செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பெற்றவரின் கணக்கு எண், அழைப்பு வந்த எண், நேரம், உரையாடலின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) ஆகிய எதையும் அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மூல்' தளத்தில் இட்டால், அதன்மேல் ஏற்கெனவே புகார்கள் உள்ளனவா என்பதும் தெரியும்.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். இதையே தொழிலாகச் செய்பவர்கள் கூட்டாக அமர்ந்து பேசி அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் அந்த இரண்டு நாளும் போயிருக்கின்றன. வங்கியின் இறுதிப் பதில் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டால், அந்தக் கடிதத்தை வைத்து நிதி நிறுவனங்கள்மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். நுகர்வோரிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை.