கிரிப்பில் பெயர் இருந்தால் வீட்டுக் கடன் கிடைக்காதா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் அரச பாடசாலை ஆசிரியை. வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, "கிரிப்பில் உங்கள் பெயர் இருக்கிறது, இப்போது தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். நான் எடுத்த கடன் எதையும் கட்டாமல் விட்டதில்லை. வெல்லாவெளியில் வேளாண்மை செய்யும் என் மச்சான் லீசிங்கில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எடுத்தபோது பிணைக் கையெழுத்து வைத்தேன். பாவிக்காத கடனட்டை ஒன்றும் அலுமாரியில் கிடக்கிறது. ஐம்பதாயிரம் ரூபா தந்தால் பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இதற்கிடையில் தம்பியும் ஓட்டோ எடுக்கப் பிணை நிற்கச் சொல்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த மனிதருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்; அடையாள அட்டைப் பிரதியையோ கையெழுத்தையோ கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்கிவிடுங்கள். நாம் கிரிப் என்று சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிறுவனம். அங்கே சேர்ந்திருப்பவை கடன் கொடுத்த வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பி வைக்கும் விபரங்கள்தான். அனுப்பிய நிறுவனமே திருத்தினால் அன்றி, வெளியாள் எவராலும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

"கிரிப்பில் பெயர் இருக்கிறது" என்பதை நம்மவர்கள் ஏதோ குற்றப் பட்டியலில் பெயர் விழுந்துவிட்டதைப் போலப் பேசுகிறார்கள், அதனால் பலர் வீட்டுக்குள்ளேயே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். உண்மையில் ஒரு தவணைகூடப் பிந்தாமல் கட்டியவர்களின் பெயரும் அங்கே இருக்கிறது. அந்த நல்ல பதிவுதான் அவர்களுக்கு அடுத்த கடனை எளிதாக்குகிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் பணியகம் அல்ல, வங்கிதான். ஆகவே வங்கி உத்தியோகத்தரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்தக் கடனின் எந்த நிலுவை தடையாக இருக்கிறது என்பதையே. அவர் வாயால் சொல்வதை மட்டும் நம்பியிராமல் உங்கள் அறிக்கையை நீங்களே பெற்றுக்கொள்ளுங்கள். வங்கிக் கிளையில் அடையாள அட்டையுடன் விண்ணப்பிக்கலாம், பணியகத்தின் இணையத்தளத்தின் ஊடாகவும் பெறலாம்; இதற்காகக் கொழும்புக்குப் பயணம் போக வேண்டியதில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் கடன் கட்டும் ஒழுங்கை மதிப்பிட்டு 250 முதல் 900 வரை போடப்படும் அந்தப் புள்ளியில்தான் போய் நிற்கும். நீங்கள் அதை விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். முதலில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபாருங்கள். ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய இலக்கத்தில் ஒரு கடனையும், பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதியதில் இன்னொன்றையும் எடுத்திருக்கலாம். திருமணத்துக்கு முன்னும் பின்னும் பெயர் வேறுபட்டிருக்கலாம். அடுத்து, ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 24 மாதங்களின் கொடுப்பனவு நிலை மாதம் மாதமாகக் காட்டப்பட்டிருக்கும். எந்த மாதத்தில் பிந்தத் தொடங்கியது என்பதை அங்கே விரல் வைத்துப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, நீங்கள் கடன்பெற்றவராக அல்லாமல் பிணையாளியாக இருக்கும் பகுதியில்தான் சிக்கல் இருக்கும் என்பதே.

நம் பகுதியில் பிணைக் கையெழுத்தை ஒரு உறவுக் கடமையாகவே நினைக்கிறோம். மச்சான் வந்து கேட்டால் மறுக்க மனம் வராது, பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதும் அவரைச் சந்தேகிப்பது போலாகிவிடும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் கட்டாத தவணை உங்கள் கடன். அவர் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்க வேண்டும் என்றும் இல்லை. பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் விற்கும் வரை கையில் காசு வராதவருக்கு மாதத் தவணை போட்டுக் கொடுத்திருந்தால், மார்கழி வெள்ளத்தோடு நிலுவையும் சேர்ந்தே ஏறும். எனவே மச்சானுடன் நீங்களும் அந்த லீசிங் கம்பனிக்குப் போங்கள். நிலுவை எவ்வளவு, அதில் தண்டப்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். தண்டப்பணத்தைக் குறைக்கவும், மீதித் தவணைகளை அறுவடைக் காலத்தோடு பொருந்துமாறு மாற்றி அமைக்கவும் எழுத்திலேயே கோருங்கள். நீங்கள் ஒரு பகுதியைக் கட்ட நேர்ந்தால் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். பிணையாளி கட்டிய பணத்தைக் கடன்பெற்றவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, வீட்டில் பேசித் தீராவிட்டால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது.

கடனட்டை விடயம் சிறிதாகத் தெரிந்தாலும் அலட்சியப்படுத்த வேண்டாம். அட்டையைப் பாவிக்காமல் வைத்திருப்பதாலோ, கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவதாலோ கணக்கு மூடப்படுவதில்லை. வருடாந்தக் கட்டணம் விழுந்து, அதற்கு வட்டியும் தண்டமும் ஏறி, பழைய முகவரிக்கு அனுப்பப்பட்ட கடிதம் உங்களுக்குக் கிடைக்காமலே அது நிலுவையாக நிற்கலாம். வங்கியுடன் பேசி, இருப்பதைக் கட்டி, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள்.

அறிக்கையில் உங்களுக்குத் தெரியாத கடனோ, கட்டி முடித்தும் முடியாததாகக் காட்டும் கடனோ இருந்தால் அது பிழை. சான்றுகளோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள், பணியகம் அதைக் குறித்த நிறுவனத்திடம் அனுப்பி விசாரிக்கும். நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் உண்மையாகவே பிந்திய தவணையை எந்த முறைப்பாடும் அழிக்காது. நிலுவையைத் தீர்த்தபின் ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் வரிசையில் சேரச் சேர, பழைய தாமதம் பின்னுக்குத் தள்ளப்படும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அந்த இடைவெளியில் கடன் கேட்டு ஐந்தாறு இடங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் விபரத்தைத் தேடிப் பார்த்ததும் அறிக்கையில் பதிவாகிறது.

நிலுவை தீர்ந்ததும் நிறுவனம் தரும் உறுதிக் கடிதத்தைப் பெறுங்கள். புதிய விபரம் பணியகத்துக்குப் போய்ச் சேரச் சிறிது காலம் விட்டு, இன்னொரு அறிக்கை எடுத்துப் பார்த்த பின்னரே வீட்டுக் கடனுக்கு மீண்டும் போங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும். நீங்கள் இடமாற்றத்தில் வேறு கல்வி வலயத்துக்குப் போக நேர்ந்தால், சம்பளத்தில் கழிக்கப்படும் கடன் தவணை புதிய இடத்திலும் கழிக்கப்படுகிறதா என்று முதல் மாதச் சம்பளப் பட்டியலிலேயே பாருங்கள். விடுபட்ட ஒரு மாதமும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

தம்பிக்கு இப்போது கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வங்கி உங்கள் வீட்டுக் கடனை மதிப்பிடும்போது நீங்கள் நிற்கும் பிணைகளையும் பார்க்கும். கோபித்துக்கொண்டால், கல்லும் சீமெந்தும் இறக்கிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்போதும் அவருடைய ஓட்டோ உழைப்பு மாதத் தவணையைத் தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்து, தவணை அட்டவணையின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு, தவணை பிந்தினால் அறிவித்தல் உங்கள் தொலைபேசிக்கும் வர வேண்டும் என்று கம்பனியில் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து வையுங்கள்.