மாதம் 900 பேர் வருகிறார்கள், ஓடர் மட்டும் வரவில்லை. அனலிட்டிக்ஸில் எதைப் பார்ப்பது?

கேட்டவர் பதுளைப் பக்கம் தேயிலைப் பாக்கெட் விற்கிறவர். வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைப் பார்த்து மாதம் 900 பேர் வருவதாகச் சொல்கிறாராம். ஓடர் ஒன்றையும் காணோம் என்கிறார். எனக்குத் தேயிலை வியாபாரம் இல்லை. நல்லதண்ணியில் நான்கு ரூம் வைத்து, சிவனொளிபாத மலை ஏற வருகிறவர்களைத் தங்க வைக்கிறேன். ஆனால் இதே மாதிரி ஒரு 900இல் நானும் விழுந்து எழும்பியவன்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், தராசில் நிறை கூடும். அதனால் தண்ணிக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை என்று கழித்த பிறகுதான் நிறையை எழுதுவார்கள். (கழிக்கிறதும் நியாயமாக இருக்காது, அது வேறு கதை.) வெப்சைட் கணக்கில் அந்த ஈரத்தைக் கழிக்க ஆள் கிடையாது. நாமேதான் கழிக்க வேண்டும்.

முதலில் உங்களையே கழியுங்கள். என் சைட் தொடங்கிய 2023இல் முதல் மாதம் 140 யூசர் என்று காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள், இப்போது சைட்டில் இருப்பவர்களைக் காட்டும் ரியல்டைம் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு என் போனில் சைட்டுக்குள் போனேன். கொஞ்ச நேரத்தில் கொழும்பில் இருந்து ஒருவர் வந்திருப்பதாகக் காட்டியது. அந்தக் கொழும்பு ஆள் நல்லதண்ணியில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்த நான்தான். மொபைல் டேட்டாவுக்கு ஊர்ப்பெயர் அப்படித்தான் குத்துமதிப்பாக விழுகிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் பெரும்பாலும் எண்ணுவது பிரவுசரை. ஒரே போனில் பேஸ்புக்குக்குள் இருந்து திறந்தால் ஒரு யூசர், குரோமில் திறந்தால் இன்னொரு யூசர். கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் மூன்றாவது ஆள். நானும் மனைவியும் மச்சானும் சேர்ந்து எத்தனை பேராக இருந்திருப்போம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐபி முகவரியை (இன்டர்நெட் இணைப்புக்கு விழும் எண்) வைத்துச் சொந்த ஆட்களை வடிகட்ட வசதி இருக்கிறது. ஆனால் மொபைல் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமான வழி, ஒரு வாரம் வீட்டில் யாரும் சைட்டைத் திறக்காமல் இருந்து பார்ப்பதுதான். எனக்கு அந்த வாரம் பாதிக்கு மேல் குறைந்தது.

அடுத்தது, யார் பேச வந்தார்கள் என்பது. எனக்குக் கேட்டால் இந்த ஒரு எண் போதும். சைட்டில் வாட்ஸ்அப் பட்டன் இருந்தால், அதை அழுத்துவதை அனலிட்டிக்ஸ் தானாகவே வெளி இணைப்புக் கிளிக் என்று பதிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மேப், பேஸ்புக் என்று வெளியே போகிற எல்லா இணைப்பும் அதே கிளிக் கணக்கில்தான் விழும். அதனால் வாட்ஸ்அப் முகவரி உள்ள கிளிக்கை மட்டும் பிரித்து ஒரு தனி ஈவென்ட் (அனலிட்டிக்ஸ் பதியும் ஒரு செயல்) உண்டாக்கி, அதைக் 'கீ ஈவென்ட்', அதாவது முக்கியமான செயல் என்று குறிக்கச் சொல்லுங்கள். 2024 வரை இதற்குக் 'கன்வெர்ஷன்' என்று பெயர், பழைய வீடியோக்களில் அப்படித்தான் சொல்வார்கள். இது குறித்த நாளில் இருந்துதான் எண்ணும், பழையதைத் திருப்பித் தராது. போன் நம்பரை அழுத்துவது தானாகப் பதிவாகாது, அதைத் தனியாக அமைக்க வேண்டும்.

இதைச் செய்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. என் சைட்டில் அதிகம் பேர் படித்தது ரூம் பக்கத்தை இல்லை, ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வரும் பஸ் விவரத்தை. வருவார்கள், பஸ்ஸைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மச்சான் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடச் சொன்னான். நான் அதற்குப் பதிலாக, 'ராத்திரி கடைசி பஸ்ஸில் வருகிறீர்களா, ரூமுக்கு எழுதுங்கள்' என்று ஒரு வரியும் பட்டனும் அந்தப் பக்கத்திலேயே வைத்தேன். இன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரியால் வருகிறவர்கள். பவுன்ஸ் ரேட்டைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 10 செக்கனுக்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது பக்கம் திறந்தாலோ, கீ ஈவென்ட் ஒன்று நடந்தாலோ வந்தவர் கவனித்தார் என்று கணக்கு, மிச்சம்தான் பவுன்ஸ். பஸ் நேரம் 8 செக்கனில் கிடைத்துவிட்டால் அவர் ஏன் நிற்கப்போகிறார்?

எங்கிருந்து வந்தார்கள் என்ற பகுதியில் 'டைரக்ட்' என்று பெரிய எண் இருக்கும். முகவரியைத் தட்டி வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க்கில் வருகிறவர்களும் பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருப்பார்கள். பகிரும் லிங்க்கின் வாலில், அதை எங்கே பகிர்ந்தோம் என்று சொல்லும் யூடிஎம் குறிப்பு சேர்த்தால் பிரிந்து தெரியும். எழுத்தை ஒரே மாதிரி எழுதுங்கள், ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தடவை, சின்ன எழுத்தில் ஒரு தடவை எழுதினால் இரண்டு வேறு இடமாகக் காட்டும்.

கூகுளின் சேர்ச் கன்சோலையும் இணைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். ஆட்கள் கூகுளில் என்ன வார்த்தை தட்டினார்கள் என்பது அதில்தான் தெரியும். நான் எல்லா இடத்திலும் 'ஸ்ரீபாத', 'நல்லதண்ணி' என்றே எழுதியிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் தேடியது மலைக்கு 'ஆடம்ஸ் பீக்', ஊருக்கு 'டல்ஹவுசி'. நம் ஊருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதை மறந்தே போயிருந்தேன். இரண்டையும் சேர்த்தேன்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் சீசன் உந்துவப் போயாவில் (டிசம்பர் பௌர்ணமி) தொடங்கி வெசாக் போயாவில் (மே மாதப் பௌர்ணமி) முடியும். நவம்பரையும் டிசம்பரையும் ஒப்பிட்டு 'வளர்ச்சி' என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால் சிரிப்புத்தான் வரும். போன வருஷத்து அதே தேதியும் சரிவராது. உந்துவப் போயா 2023இல் டிசம்பர் 26, 2024இல் டிசம்பர் 14. தேதி பார்த்து ஒப்பிட்டால் 12 நாள் சீசன் சும்மா கூடித் தெரியும். நான் போயாவில் இருந்து போயாவுக்கு எண்ணுகிறேன். உங்களுக்குத் தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புதுவருஷம் என்று வேறு கணக்கு இருக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். அனலிட்டிக்ஸ் யாருடைய ஜீமெயிலில் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு முதலில் செய்து தந்தவர் தன் பெயரில் திறந்து, எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி தந்திருந்தார். பிறகு போனையே எடுக்கவில்லை. நான் புதிதாகத் தொடங்க வேண்டியதாகிவிட்டது, பழைய கணக்கு போனது போனதுதான். நிர்வாகி உரிமை உங்கள் ஜீமெயிலுக்கு இருக்க வேண்டும்.

அந்தத் தம்பி அடுத்த முறை வரும்போது 900ஐப் பற்றிப் பேச வேண்டாம். எத்தனை பேர் வாட்ஸ்அப் பட்டனை அழுத்தினார்கள், எந்தப் பக்கத்தில் இருந்து அழுத்தினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கணக்கே வைக்கவில்லை என்றால் உட்கார வைத்து அப்போதே போடச் சொல்லுங்கள். ஒரு பிளேன்டி குடித்து முடிக்கிற நேரத்து வேலைதான்.