சைட் டிஷ் முதல்ல வரட்டும், மக் அப்புறம் வரலாம்

போன இதழ்ல, பெங்களூர் கோரமங்களாவுல புதுசா தொறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் பாருக்கு ஐபிஎல் மேட்ச் அன்னிக்கு போயிட்டு வந்தத நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கே இவ்ளோ லெட்டர் வந்திருக்கு. எல்லாத்தையும் படிச்சேன், ஒரே மாதிரி கேட்டிருந்தத சேத்து இந்த வாரம் பதில் சொல்றேன்.

அக்கா, நான் திருநெல்வேலி பக்கம், வேலைக்கு இங்க வந்து எட்டு மாசம் ஆகுது. எங்க டீம்ல 11 பேரு, அடுத்த வாரம் புதுசா தொறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் பாருக்கு மேட்ச் பாக்க போலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எனக்கு குடிக்கிற பழக்கம் இல்ல. போகலன்னா ஒட்டாத பொண்ணுன்னு நினைப்பாங்க, போனா நாலு மணி நேரம் என்ன பண்றதுன்னு தெரியல, வீட்ல பார்னு சொன்னாலே அம்மா அழுதுருவாங்க. போகலாமா?
வாசகி, அல்சூர்

போயிட்டு வாம்மா. அம்மா ஏன் அழுவாங்கன்னு எனக்கு நல்லா புரியுது, 2003ல டாஸ்மாக் கடைய அரசாங்கமே நடத்த ஆரம்பிச்சதுல இருந்து நம்ம ஊர்ல பார்னா கடைய ஒட்டி ஒரு தகர ஷெட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட்டு, வாசல்ல விழுந்து கெடக்குற யாரோ ஒருத்தர், இதுதான் நம்ம கண்ணுல நிக்குது, அதுக்குள்ள ஒரு பொண்ணு போறத எந்த அம்மாவாலயும் நினைச்சு பாக்க முடியாது. நீ போற இடம் அந்த மாதிரி கிடையாது. பெரிய ஹால், சுத்தி சுவர் பூரா ஸ்கிரீன், குடும்பத்தோட வந்து கோழி வறுவல் சாப்டுட்டு மேட்ச் பாக்குறவங்களும் இருப்பாங்க. நான் போன அன்னிக்கு பக்கத்து டேபிள்ல ஒரு பாட்டி உக்காந்து மோர் மிளகா மாதிரி ஏதோ கடிச்சிக்கிட்டு ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கை தட்டுனாங்க. அம்மாகிட்ட மறைக்காத, எங்க போற, யார் யாரோட போற, எத்தன மணிக்கு கெளம்புவன்னு சொல்லிட்டு போ, மறைச்சாதான் பின்னாடி அது பெருசா ஆகும்.

குடிக்கலன்னா என்ன பண்றதுன்னு கேட்டல்ல, மேட்ச் பாக்கணும், அதுக்குத்தான அந்த இடமே. ஆர்டர் எடுக்க வர்றவர்கிட்ட மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே முதல்ல ஃப்ரெஷ் லைம் சோடா சொல்லிடு. கடைசியா சொன்னா பத்து பேரும் உன் முகத்தையே பாப்பாங்க, முதல்ல சொல்லிட்டா யாரும் கவனிக்க கூட மாட்டாங்க. ஏன் குடிக்கலன்னு யாராவது கேட்டா காரணம் எதுவும் சொல்லாத, மாத்திரை சாப்பிடுறேன் விரதம்னு சொன்னா அடுத்த தடவைக்கு அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, "எனக்கு இது போதும்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டு ஸ்கோர் பேச போயிடு. ரெண்டாவது தடவையும் வற்புறுத்துறவங்க இருந்தாங்கன்னா அவங்கதான் தப்பு, நீ இல்ல.

ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். ஆல்கஹால் இல்லாத மாக்டெயிலும் ஆல்கஹால் கலந்த காக்டெயிலும் ஒரே மாதிரி கிளாஸ்ல, ஒரே புதினா, ஒரே எலுமிச்சை துண்டோட வரும், கூட்டமான அன்னிக்கு ட்ரே மாறி போறது நடக்குற விஷயம்தான். வச்சதும் "இதுல ஆல்கஹால் இல்லல்ல"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு மோந்து பாத்துட்டு குடி. ரெஸ்ட்ரூம் போயிட்டு வந்தா பாதி கிளாஸ் கெடந்தாலும் விட்டுட்டு புதுசு வாங்கிக்க. மேட்ச் 7:30க்கு ஆரம்பிச்சா முடிய 11 தாண்டிரும், சாதாரண நாள்ல மெட்ரோவும் அந்த நேரத்துக்கு முடியிற கட்டம்தான், அதனால உன் பக்கம் போற ரெண்டு பேர இப்பவே பேசி வச்சு சேந்தே கேப் பிடிச்சிடுங்க. காசு விஷயமும் முன்னாடியே பேசிடு, சரக்கு பில்ல குடிக்கிறவங்க பிரிச்சிக்கட்டும், சாப்பாட்டு பில்ல எல்லாரும். இத கேக்குறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

மேடம், நான் ஓசூர்ல இருந்து வேலைக்கு பெங்களூர் வந்து போறேன். மேட்ச் பாத்துட்டு ரெண்டு பீர் மட்டும் குடிச்சிட்டு பைக்ல வீட்டுக்கு போயிடலாமா? பீர்தான, ஹாட் இல்லையே. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு காபி குடிச்சா தெளிஞ்சிரும்னு ஃப்ரெண்டு சொல்றான்.
வாசகர், ஓசூர்

வேணாம் தம்பி. 40 கிலோமீட்டர், ராத்திரி லாரி ஓடுற ரோடு, நான் சரின்னு சொல்லவே மாட்டேன்.

பீர்தானன்னு சொல்றீங்கல்ல, கணக்கு போட்டு பாருங்க. நம்ம ஊர் விஸ்கில 42.8 சதவீதம் ஆல்கஹால், ஒரு லார்ஜ் 60 மில்லின்னா அதுல கிட்டத்தட்ட 26 மில்லி சுத்த ஆல்கஹால். அரை லிட்டர் மக்ல 5 சதவீத பீர் வாங்குனா அதுல 25 மில்லி. ஆக ஒரு மக் ஒரு லார்ஜ்தான், தண்ணி நெறைய கலந்திருக்கு அவ்ளோதான் வித்தியாசம். இதுவே 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர்னா 52 மில்லி, அதாவது ஒரே பாட்டில்ல ரெண்டு லார்ஜ் உள்ள போயிருது. நீங்க சொல்ற ரெண்டு பீர் அந்த பாட்டில்னா நாலு லார்ஜ் அடிச்சிட்டு ஓசூர் ரோட்ல பைக் ஓட்டுறீங்க. இந்த கணக்க யாரும் நமக்கு சொல்லி தர்றதில்ல, பீர்னா கூல்ட்ரிங்க்ஸுக்கு அண்ணன்ங்கற மாதிரியே பேசிக்கிட்டு இருக்கோம்.

காபி தூக்கத்த விரட்டும், ஆல்கஹால விரட்டாது. எலுமிச்சை, மோர், குளிக்கிறது, வாந்தி எடுக்கிறது எதுவுமே ரத்தத்துல ஏறினத இறக்காது, கல்லீரல் அதோட வேகத்துலதான் வேலை செய்யும், ஒரு லார்ஜ் உடம்ப விட்டு போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். சட்டத்துல 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபா ஃபைன், ரெண்டுமே கூட போடலாம். ஃபைன் பெருசில்ல தம்பி, எங்க தெருவுல ஒரு பையன் இதே மாதிரி "ரெண்டுதான்"னு சொல்லிட்டு வந்து மீடியன்ல ஏறி இப்ப வரைக்கும் சரியா நடக்க முடியாம இருக்கான், அவங்கம்மா அவன புடிச்சிக்கிட்டு காலைல வாசல்ல நடக்க வைக்கிறத தெனமும் பாக்குறேன். பைக்க ஆஃபீஸ்லயே விட்டுட்டு போங்க, ராத்திரி பெங்களூர் ஃப்ரெண்டு ரூம்ல தங்கிட்டு காலைல போங்க. இல்ல, அன்னிக்கு பைக்லதான் போயாகணும்னா சோடாவோட முடிச்சிக்கங்க, ரெண்டும் சேத்து மட்டும் வேணாம்.

நாங்க மூணு பேரு, எல்லாரும் குடிப்போம், ஆனா அளவாத்தான். புது எடத்துல மெனு கார்டு எட்டு பக்கம் இருக்கு, எந்த ஸ்டார்ட்டர் வாங்குறதுன்னே தெரியல. விங்ஸ், நாச்சோஸ் எல்லாம் அந்த விலைக்கு வொர்த்தா?
வாசகர், மடிவாளா

இந்த கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல் ஆர்டர் சாப்பாடுதான், மக் அப்புறம். உக்காந்த உடனே வெறும் வயித்துல குடிச்சா சர்ருனு ஏறும், வயித்துல சாப்பாடு இருந்தா சரக்கு குடலுக்கு இறங்குறதே மெதுவாத்தான், ஏத்தமும் மெதுவாத்தான் இருக்கும். அதுவும் புது இடத்துல கிச்சன் இன்னும் செட் ஆகியிருக்காது, மேட்ச் ஆரம்பிச்சு எல்லா டேபிளும் ஒண்ணா ஆர்டர் போட்டா முக்கா மணி நேரம் ஆயிரும், அதுக்குள்ள ரெண்டு மக் காலியாயிருக்கும். 7 மணிக்கு டாஸ் போடுறப்பவே ரெண்டு ஐட்டம் சொல்லி வச்சிருங்க. வறுத்த வேர்க்கடலைல வெங்காயம் தக்காளி பச்சமிளகா போட்டு வர்ற பீனட் மசாலா எங்கயும் அஞ்சு நிமிஷத்துல வந்துரும், அத முதல்ல வாங்குங்க. கடலை சிக்கு வாடை அடிச்சா அந்த கிச்சன்ல சாமான் சீக்கிரம் தீர்ந்து புதுசு வர்றதில்லன்னு அர்த்தம், அதுக்கு மேல மீன், இறால்னு கடல் ஐட்டம் எதுவும் சொல்லாதீங்க.

விங்ஸுக்கு ஒரு கதை இருக்கு. 1964ல அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல ஆங்கர் பார்னு ஒரு இடம், அங்க தெரேசா பெலிசிமோன்னு ஒரு அம்மா ராத்திரி பசியோட வந்த மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும், சூப்புக்கு போடுற கோழி இறக்கைய அப்படியே எண்ணெய்ல பொரிச்சு மிளகா சாஸும் வெண்ணெயும் கலந்து பிரட்டி குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல அடுத்த வருஷமே சென்னை புஹாரி ஹோட்டல்ல சிக்கன் 65 வந்துச்சுன்னு சொல்றாங்க, ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல காரமான பொரிச்ச கோழி பொறந்திருக்குங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ஒரிஜினல் விங்ஸுக்கு மேல மாவு பூச்சு கிடையாது, தோலே மொறுமொறுன்னு இருக்கணும். நான் போன இடத்துல வந்த பிளேட்ட அப்படியே சொல்றேன்: எட்டு துண்டு, சாஸ் அடில குளம் மாதிரி தேங்கி நின்னுச்சு, கடிச்சா தோல் ஊறிப்போய் ரப்பரா இழுத்துச்சு. பொரிச்சு ரொம்ப நேரம் சாஸ்ல கெடந்திருக்கு. ரெண்டாவது தடவை "சாஸ தனியா குடுங்க"ன்னு கேட்டேன், அதே கிச்சன்தான், இப்ப கடிக்கிறப்ப சத்தம் கேட்டுச்சு. நீங்களும் அப்படியே கேளுங்க. ரெண்டு எலும்பு இருக்கிற தட்டையான துண்ட முனைல புடிச்சு லேசா திருகினா சின்ன எலும்பு உருவிக்கிட்டு வந்துரும், அப்புறம் கறி முழுசா வாய்க்கு வரும்.

நாச்சோஸ, அதான் சீஸ் போட்ட சோள சிப்ஸ, நான் மூணு பேருக்கு ரெகமெண்ட் பண்ண மாட்டேன். 1943ல மெக்சிகோ எல்லைல பியெத்ராஸ் நெக்ராஸ் ஊர்ல இக்னாசியோ அனயான்னு ஒருத்தர் முதன்முதலா செஞ்சப்ப ஒவ்வொரு சிப்ஸ் மேலயும் சீஸும் ஒரு மிளகா துண்டும் வச்சு சுட்டு குடுத்தாரு, 1976ல டெக்சாஸ்ல ஆர்லிங்டன் ஸ்டேடியத்துல விக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் மேல ஊத்துற சீஸ் சாஸ் வந்துச்சு. இப்ப எல்லா இடத்துலயும் அந்த ஊத்துறதுதான், ஒரு ஓவர் பாத்துட்டு திரும்புனா சிப்ஸ் சொதசொதன்னு ஆயிருது. அந்த காசுக்கு ஆந்திரா சில்லி சிக்கனோ சிக்கன் நெய் ரோஸ்ட்டோ வாங்குங்க, பெங்களூர்ல இத கெடுக்குறவங்க கம்மி. சைவம்னா பேபி கார்ன், ஆறினாலும் தாங்கும்.

குடிக்கிறதுல, அங்கயே காய்ச்சுற இடம்னா கோதுமைல செய்யிற வீட் பீர் ஒரு தடவை சின்ன கிளாஸ்ல கேட்டு பாருங்க, வாழப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை வரும், எஸன்ஸ் எதுவும் கிடையாது, ஈஸ்ட்டே குடுக்கிறது. பிட்சர்னு பெரிய ஜக்ல வாங்குனா விலை கம்மின்னு வாங்காதீங்க, யாரு எவ்ளோ குடிச்சாங்கன்னு கணக்கே இருக்காது, கடைசி கிளாஸ் சூடாயிரும்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு 10 சதவீதம் போட்டிருந்தாங்க, கேட்டா "கம்பெனி பாலிசி"ன்னு சொல்றாங்க. குடுத்தே ஆகணுமா?
வாசகி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்

குடுக்க வேண்டியதில்லைங்க. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, தானா பில்லுல சேக்கக்கூடாது, வேற பேர்லயும் வாங்கக்கூடாதுன்னு. ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு. எடுக்க சொல்லுங்க, எடுக்கலன்னா பில்ல போட்டோ எடுத்துக்கிட்டு 1915க்கு போன் பண்ணுங்க. பில்லுல இன்னொன்னும் பாருங்க, சரக்குக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அதுக்கு மாநில வரிதான், ஜிஎஸ்டி சாப்பாட்டுக்கும் சோடாவுக்கும் மட்டும்தான். மொத்தத்துக்கும் சேத்து ஜிஎஸ்டி போட்டிருந்தா தப்பு. மேட்ச் நாள்ல டேபிளுக்கு கவர் சார்ஜ்னு உள்ள வர்றதுக்கே காசு கேட்டாங்கன்னா, அது முழுசா சாப்பாட்டுல கழியுமான்னு உக்காருறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. நல்லா கவனிச்ச பையன் கைல டிப்ஸ நேரா குடுங்க, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கான்.

சிஎஸ்கே ஜெர்ஸி போட்டுட்டு பெங்களூர் பார்ல உக்காரலாமா அக்கா? அடி விழுமா?
வாசகர், கிருஷ்ணகிரி

தாராளமா உக்காருங்க, நானே மஞ்சள்தான். கிண்டல் பண்ணுவாங்க, சத்தம் போடுவாங்க, அவ்ளோதான். 18 வருஷம் காத்திருந்து 2025 ஜூன் 3ம் தேதிதான் ஆர்சிபி முதல் கப்ப தூக்குச்சு, அந்த சந்தோஷத்துக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா மேட்ச் முடிஞ்சதும் ரோட்டுல கூடுற கூட்டத்துக்குள்ள மட்டும் போகாதீங்க, எந்த ஜெர்ஸியா இருந்தாலும் சரி. ஆர்சிபி கப் ஜெயிச்சதுக்கு மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல 11 பேர் செத்துட்டாங்க, எல்லாம் கொண்டாட போன பிள்ளைங்க. கூட்டம் கலையிற வரைக்கும் உள்ளயே உக்காந்து ஒரு தண்ணி பாட்டில் வாங்கி குடிச்சிட்டு கெளம்புங்க.

புது ஸ்போர்ட்ஸ் பார்னு ஆசையா போனோம், எங்க ஸ்கிரீன்ல பௌலர் ஓடி வர்றப்பவே அந்த பக்கம் இருக்கிறவங்க சிக்ஸுன்னு கத்துறாங்க. ஏன் இப்படி?
வாசகர், ஒயிட்ஃபீல்டு

நானும் அதே அனுபவிச்சேன், வயிறு எரிஞ்சிச்சு. அந்த பக்கம் ஸ்கிரீனுக்கு டிஷ் செட் டாப் பாக்ஸ்ல இருந்து வருது, உங்க பக்கம் இன்டர்நெட்ல ஓடுது. ஆப்ல வர்ற படத்த துண்டு துண்டா அனுப்பி சேத்து வச்சு காட்டுறதால பல செகண்டு பின்னாடி ஓடும், சில நேரம் அரை நிமிஷம் கூட. டேபிள் புக் பண்றப்பவே எந்த ஸ்கிரீன் டிஷ்ல ஓடுதுன்னு கேட்டு அந்த பக்கமா வாங்குங்க. நான் மேனேஜர்கிட்ட சொன்னேன், ரெண்டாவது இன்னிங்ஸுக்கு எல்லா ஸ்கிரீனையும் ஒரே பாக்ஸுக்கு மாத்துனாரு, அப்புறம்தான் அந்த ஹால் மொத்தமும் ஒரே நேரத்துல எந்திரிச்சுச்சு.