சோறு வைக்கும் தெருவில் ஆய்வு வேண்டாம்

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து வருஷமாகத் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். விலங்கு நலன், மனிதர்-விலங்கு உறவு இவற்றை ஆராய்ந்து பேராசிரியராக ஆசை. கால்நடை மருத்துவத்துக்கு கட்-ஆஃப் எட்டவில்லை. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. சாத்தியிருப்பது ஒரு கதவுதான்: கால்நடை மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு பி.வி.எஸ்சி. கேட்பார்கள். அங்கேயும் 'விலங்கு நலன்' என்ற பெயரில் பணியிடம் அபூர்வம்; கால்நடை உற்பத்தி மேலாண்மை போன்ற துறைப் பெயரில்தான் விளம்பரம் வரும். உங்களுக்கான வாசல் விலங்கு நடத்தையியல். 1986-ல் கேம்பிரிட்ஜில் உலகின் முதல் விலங்கு நலப் பேராசிரியரான டொனால்ட் புரூம் படித்ததும் விலங்கியல்தான்.

எம்.எஸ்சி.க்கு விலங்கியலோ வனவிலங்கு உயிரியலோ எடுக்கலாம்; பின்னது மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கல்லூரியிலும் இருக்கிறது. கூடவே நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு), கேட் (மேற்படிப்புக்கான தேசியத் தேர்வு) இரண்டுக்கும் படியுங்கள். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதைவிட, உதவித்தொகையோடு வருகிற மாணவரைச் சேர்த்துக்கொள்ள பிஎச்.டி. வழிகாட்டிகள் அதிகம் யோசிப்பதில்லை.

பாடத்தின் பெயரைத் தேடி அலையாமல் ஆய்வகத்தைத் தேடுங்கள். தெருநாய் என்றால் கொல்கத்தா ஐசரில் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) அனிந்திதா பத்ராவின் குழு. 2020-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வொன்றில், மனிதர் கை காட்டும் கிண்ணத்துக்கு நாய் போகிறதா என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. வராத பாதியையும் 'தோல்வி' என்று தள்ளிவிடக் கூடாது. மனிதரிடம் அதற்குள்ள பயமும் ஒரு தரவு.

எம்.எஸ்சி.க்கு முன்பே ஒரு சின்ன ஆய்வு செய்யுங்கள். நீங்கள் சோறு வைக்கும் தெருவை மட்டும் தொடாதீர்கள். அந்த நாய்களுக்கு உங்கள் வண்டிச் சத்தமே தெரியும். அவை ஓடி வருவது மனித உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது, உங்கள் கைப் பாத்திரத்தைப் பற்றித்தான் சொல்லும். உங்களைத் தெரியாத பேட்டையில் 40 நாய், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சோதனை. அறிமுகமில்லாத ஒருவர் ஒரே வேகத்தில் நடந்து நெருங்கட்டும். நாய் எத்தனை மீட்டரில் விலகுகிறது என்று குறியுங்கள். படுத்திருந்ததா, கூட்டமாக இருந்ததா, ஆணா பெண்ணா, நேரம் என்ன என்பதையும் எழுதுங்கள். ஆறு நாயை ஐம்பது முறை பார்த்துவிட்டு 'மாதிரி அளவு 300 நாய்' என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. அது ஆறுதான்.

'நட்பாக வந்தது' என்று எழுதாதீர்கள். அது உங்கள் முடிவு. வால் முதுகு மட்டத்துக்கு மேலா கீழா, காது முன்னாலா பின்னாலா, ஒரு மீட்டருக்குள் வந்ததா? இதுதான் பதிவு. பயந்த நாயும் வாலைத் தாழ்த்தி ஆட்டும். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ஐந்தில் ஒரு பங்கை நண்பர் ஒருவர் உங்கள் பதிவைப் பார்க்காமல் தனியாகக் குறிக்கட்டும். குறிப்பதற்கு போரிஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இருவரின் ஒப்புமையை கோஹன் கப்பா என்ற எண்ணில் கணக்கிடுங்கள் (1 என்றால் முழு ஒப்புமை). 0.6-க்குக் கீழே போனால் நண்பரைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் வரையறையைத் திருத்துங்கள்.

தொடங்குமுன் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். தெருவாசிகளிடம் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனி; பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முடித்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள், அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல இதழ்கள் வாங்காது. ரேபிஸ் முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், 7-ம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள். அதற்குப் பிறகும் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிதான்.

வெளிநாடு இரண்டாம் கட்டம். பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை, நலன் பற்றிய முதுகலைப் படிப்பு 1990-லிருந்து நடக்கிறது. ஓராண்டு, செலவு அதிகம். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், இப்போது உங்களுக்குப் பொருந்தாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் பண்ணை விலங்கு நலத்தில் பெயர் பெற்றது. அங்கே வழிகாட்டி ஒருவர் முதலில் சம்மதிக்க வேண்டும்.

அந்தச் சம்மதம் கேட்டு எழுதும் மின்னஞ்சலில் 'சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர்' என்று ஆரம்பிக்காதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையில் எந்த முறை உங்களுக்குப் பயன்பட்டது, எங்கே சந்தேகம் என்று 200 வார்த்தைக்குள் எழுதி, அந்த 40 நாய்களின் எக்செல் அட்டவணையை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம்.