துண்டில் ஒரு மருந்து, கையில் வேறொரு மருந்து

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சுகருக்கு கிளிக்லசைட், பிரஷருக்கு லொசார்டன் குடிக்கிறார். யூரின் போகும்போது எரிகிறது என்று டொக்டரிடம் காட்டினோம். அவர் துண்டில் எழுதியது கோட்ரைமொக்சசோல். டவுன் பாமசியில், “அது முடிந்துவிட்டது, இதுவும் யூரினுக்குத்தான், பவர் கூட” என்று சிப்ரோஃப்ளொக்சசின் 500 தந்தார்கள். விலையும் கூட. இன்னும் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. விலை கூடினால் நல்ல மருந்துதானே?
– பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

பதில்: கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். இன்றைக்கே துண்டையும் அந்த மாத்திரையையும் எடுத்துக்கொண்டு எழுதிய டொக்டரிடம் போங்கள். எரிச்சலோடு காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

ஒரே மருந்தை வேறு கம்பனிப் பெயரில் தருவது ஒன்று, மருந்தையே மாற்றுவது வேறொன்று. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதைக் கடைக்காரர் தானாகச் செய்யக்கூடாது.

இரண்டும் கிருமியைத் தாக்கும் வழியே வேறு. நமக்கு வேண்டிய ஃபோலேட் என்ற விற்றமின் கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுகிறது. இந்தக் கிருமிகள் அதைத் தாங்களேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். கோட்ரைமொக்சசோல் 480 மில்லிகிராம் மாத்திரையில் 400 சல்ஃபமெத்தொக்சசோல், 80 ட்ரைமெத்தோப்ரிம். முதலாவது அந்தத் தயாரிப்பின் ஒரு படியை நிறுத்தும், இரண்டாவது பிந்திய படியை நிறுத்தும். சிப்ரோஃப்ளொக்சசினோ கிருமியின் டிஎன்ஏ மீது கைவைக்கிறது. கயிறு மாதிரி முறுக்கேறிய டிஎன்ஏயை, கைரேஸ் என்ற நொதி வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். வெட்டின நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது இந்த மருந்து. ஆகவே ‘பவர்’ என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. அம்மாவின் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதுதான் விஷயம். அதை யூரின் கல்ச்சர், அதாவது யூரினிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, சொல்லும்.

அம்மாவை நினைத்தால் எனக்குக் கவலை தருவது இதுதான்: சிப்ரோஃப்ளொக்சசினும் கிளிக்லசைட்டும் சேர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கலாம். வியர்த்து, கைகால் நடுங்கி, லயத்துப் படியில் விழுந்தால் யார் பொறுப்பு? குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாரையும் இந்த மருந்து பாதிக்கலாம், அறுந்துகூடப் போகலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டெராய்ட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. 2016இல், சிக்கலில்லாத யூரின் தொற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இந்த வகை வேண்டாம் என்றும் சொன்னது. ஏறி இறங்கியே வாழும் நம் மலைநாட்டில் குதிகால் சின்ன விஷயமில்லை.

அதற்காகக் கோட்ரைமொக்சசோல் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் எண்ண வேண்டாம். லொசார்டனோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அதனால் வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். முன்பு சல்ஃபா மருந்தால் தோலில் தடிப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

டொக்டரே பார்த்து சிப்ரோஃப்ளொக்சசின்தான் என்று முடிவு செய்தால், அதை மாப்பாலோடு கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, கல்சியம், அன்டாசிட் வகைக் கேஸ்ட்ரிக் மருந்து குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ கொடுங்கள். இல்லாவிட்டால் அவை மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. பிளேன்டீயையும் குறையுங்கள். கஃபீன் உடம்பை விட்டுப் போக நேரமாகி, நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும்.

விலை? மருந்தின் தரத்தை விலை காட்டாது. இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இதற்காகத்தான் போராடினார். கம்பனிப் பெயரில் அல்ல, மருந்தின் பொதுப்பெயரில் வாங்க வேண்டும் என்ற அவர் கொள்கையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பக்கத்து டவுனில் அதன் ஒசு சல கடை இருந்தால், துண்டில் உள்ள மருந்தை முதலில் அங்கே கேளுங்கள்.

வாங்கியதைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் தயங்குவார். துண்டில் இல்லாததைத் தந்தவர் அவர்தான், துண்டையும் பில்லையும் காட்டிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: அட்டையை வெட்டி 6 மாத்திரை தந்தார்கள். திகதியே இல்லை. என்ன செய்வது?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: காலாவதித் திகதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும், அந்த ஓரம் கடையிலேயே நின்றுவிடும். வெட்டுவதற்கு முன்பே முழு அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், தொகுதி இலக்கம், திகதி ஆகியவற்றை உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றாலும் கூச்சப்படாதீர்கள். இப்போது கையிலிருக்கும் 6 மாத்திரையைக் குடிக்க முன்பு கடைக்குப் போய், அதே அட்டையின் மீதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் வேறு அட்டையிலிருந்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.