குளிர்காலத்தில் வெளியே போக முடியாதபோது, வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து உடம்பைச் சரியாக வைத்துக்கொள்வது எப்படி?

நான் இருப்பது ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற கடலோர ஊர். குளிர் என்று எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்புறம் பிடிக்கிற வாடைக்காற்றும்தான் எங்களை வீட்டுக்குள் உட்கார வைக்கும். உட்கார்ந்துவிட்டால் உடம்புக்கு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதனால் பதில் சொல்கிறேன்.

மற்ற மாதங்களில் காலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் நடப்பேன். 1988-இல் திறந்த பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். போய்த் திரும்பினால் ஐம்பது நிமிடம், அன்றைய கணக்கு தீர்ந்தது. வாடை அடிக்கும்போது அங்கே குடையும் நிற்காது, ஆளும் நிற்க முடியாது. பக்கத்து ரயில் பாலத்தில் காற்று ஓர் அளவைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள், நான் எம்மாத்திரம்? அப்படி நின்றுபோன ஒரு வருடம், தை பிறப்பதற்குள் நாலு கிலோ ஏறிவிட்டேன். மழை நேரத்து வடைக்கும் டீக்கும் அதில் பங்குண்டு.

அடுத்து நான் செய்த காரியம், மதுரையில் யாரோ விற்ற பழைய உடற்பயிற்சி சைக்கிளை வாங்கி வந்து வராண்டாவில் போட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் பெடல் கரகரவென்று அழ ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் இருந்த திருகைத் திருகினேன். துரு பொடிப்பொடியாக உள்ளங்கையில் கொட்டியது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே விடாது, இதை விடுமா? கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போனது. கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்புச் சாமான் வாங்கவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் ஒரு கிலோ. பையனின் புத்தகப் பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன், எட்டு கிலோ. அவன் தினமும் சுமக்கிறான், நான் சுமந்தால் என்ன?

இப்போது செய்வது இதுதான். மாடிப்படியில் ஐந்து நிமிடம் மெதுவாக ஏறி இறங்கினால் உடம்பு சூடாகிவிடும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், பத்து தடவை. இது பழகியபிறகு நாற்காலியை எடுத்துவிட்டால் அதுதான் பஸ்கி. தண்டாலை நேராகத் தரையில் ஆரம்பித்துத் தோளைப் பிடித்துக்கொண்டவன் நான். நீங்கள் சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள், அடுத்து மூன்றாவது படியில், கடைசியாகத் தரை. புத்தகப் பையைக் குனிந்து இடுப்புவரை இழுப்பது முதுகுக்கு. முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி இருபது விநாடி நிறுத்துவது வயிற்றுக்கு. அப்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. இந்தச் சுற்றை மூன்று தடவை செய்தால் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிடும்.

நான் பலகையாகக் கிடந்ததை முதல் நாள் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன், "என்ன மாப்ள, தரையில விழுந்து எதைத் தேடுற?" என்றார். விசைப்படகுக்காரர். காற்று எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாட்களில் அவரும் வீட்டில்தான். "வலை இழுக்குறவனுக்கு எதுக்குத் தண்டால்?" என்று கேட்டவர், பஸ்கியில் பதினைந்தோடு நின்றுவிட்டார். "இப்பல்லாம் வின்ச் மெஷின்தான வலைய இழுக்குது" என்று அவரே காரணமும் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி. மிதமானது எது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

தரையைக் கவனியுங்கள். ஈரக்காற்றில் டைல்ஸ் வியர்த்துக் கிடக்கும், அதன்மேல் கோரைப்பாயை விரித்தால் பாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். எனக்கு ஒருமுறை மணிக்கட்டு சுளுக்கியது அப்படித்தான். இப்போது வராண்டாவின் சொரசொரப்பான சிமென்ட் தரையில் மட்டும்தான் செய்கிறேன். மழை நாளில் வியர்வை சீக்கிரம் காயாது; வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

செல்போனில் வீடியோ பார்த்துச் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் எங்கள் ஊரில் காற்று பலமாக அடித்தால் முதலில் போவது கரண்ட்டு, கூடவே சிக்னல். வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பதால் இருட்டிலும் என் வேலை நடக்கிறது. நேரத்தையும் கடிகாரத்தோடு கட்டிப்போடவில்லை. காலையில் பால்காரர் மணியடித்ததும் பாத்திரத்தை நீட்டிப் பாலை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு, அப்படியே மாடிப்படிக்குப் போய்விடுவேன். அவர் எந்த மழைக்கும் லீவு போட்டதில்லை.